1990 யூனோஸ் ரோட்ஸ்டர்: ஐட்லிங்கில் குலுக்கல், 3000 சுற்றில் நடுக்கம். எங்கே தேடுவது?

சிப்புட்_ரோட்ஸ்டர் (சுங்கை சிப்புட்)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1990-ஆம் ஆண்டு யூனோஸ் ரோட்ஸ்டர் (ஜப்பானில் மாஸ்டா எம்எக்ஸ்-5 இந்தப் பெயரில் விற்றது). 1.6 லிட்டர் பி6 இன்ஜின், ஐந்து கியர் மேனுவல். ஜப்பானிலிருந்து வந்த வண்டி. தோட்டத்துச் செம்மண் பாதையில் அதிகம் ஓடுவதில்லை. பெரும்பாலும் ஈப்போ வரை பழைய சாலையில்தான் ஓடுகிறது.

சிக்னலில் நிற்கும்போது வண்டி முழுவதும் குலுங்குகிறது, உள்கண்ணாடியில் பின்னால் நிற்கும் லாரியின் எண்ணைப் படிக்க முடியவில்லை. நெடுஞ்சாலையில் ஐந்தாவது கியரில் 90-ஐத் தாண்டும்போது கியர் கம்பியிலும் தரையிலும் நடுக்கம் வருகிறது. 100-க்கு மேல் போனால் குறைந்துவிடுகிறது.

இதுவரை செய்தவை: இரண்டு இன்ஜின் மவுண்டிங்கும் (இன்ஜினைத் தாங்கி அதிர்வை உள்வாங்கும் தாங்கி) புதிது, கடினமான பாலியுரித்தேன் வகை. ப்ளக் நான்கும் புதிது. டயர் நான்கையும் பேலன்ஸ் செய்தாயிற்று. இந்த ஆண்டின் தொடக்கத்தில் ஒரு பட்டறையில் டைமிங் பெல்ட் மாற்றினார்கள். இப்போது அங்கேயே கேட்டால், இன்ஜினை இறக்கி ஓவர்ஹால் செய்ய வேண்டும் என்கிறார்கள். அவ்வளவு பணம் போடுவதற்கு முன் உங்கள் கருத்து வேண்டும்.

கூலிம்_1992

தம்பி, அந்த வயது இன்ஜினுக்கு ஓவர்ஹால் செய்வதைவிட, ஜப்பானிலிருந்து வரும் ஹாஃப்-கட் (இன்ஜினோடு பாதியாக வெட்டி விற்கும் பழைய வண்டி) ஒன்றைப் பார்த்து இன்ஜினையே மாற்றிவிடுவது மலிவு. என் வண்டியும் இதே 1.6தான், 1992. நண்பர் ஒருவர் அப்படித்தான் மாற்றினார்.

ஆலை_ஃபிட்டர் (தெலுக் இந்தான்)

கூலிம் தம்பி சொல்வதை நான் ஏற்கவில்லை. எது அதிர்கிறது என்று தெரியாமல் இன்ஜினை மாற்றினால், கிளட்ச்சிலோ அச்சிலோ உள்ள கோளாறு புது இன்ஜினோடும் கூடவே வரும்.

நான் செம்பனை ஆலையில் பிட்டராக வேலை பார்த்தவன். டர்பைன், பிரஸ், விசிறி எல்லாம் அதிர்வதைப் பார்த்துப் பழகிய கை. அங்கே முதலில் எந்தப் போல்ட்டையும் தொட மாட்டோம். அதிர்வு ஒரு வினாடிக்கு எத்தனை முறை வருகிறது என்று அளப்போம். அந்த எண்ணை எது எத்தனை முறை சுழல்கிறது என்பதோடு ஒப்பிட்டால், குற்றவாளி பாதி பிடிபட்டுவிடுவான்.

உங்கள் இன்ஜின் ஐட்லிங்கில் (ஆக்சிலேட்டர் மிதிக்காமல் நின்ற இடத்தில் ஓடும்போது) நிமிடத்துக்கு 850 சுற்று. அதாவது வினாடிக்கு 14 சுற்றுக்குச் சற்று மேல். இது நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின், ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கிறது. நான்கும் சரியாக வெடித்தால் வினாடிக்கு 28 தட்டு. ஒரு சிலிண்டர் மட்டும் பலவீனமாக இருந்தால் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை இன்ஜின் தடுமாறும், அது வினாடிக்கு 7. உடம்பு உணரும் ஆழமான குலுக்கல் அதுதான். கிராங்கோடு (பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டு) சேர்ந்து சுழலும் ஏதாவது ஒன்று சமநிலை இழந்தால் வினாடிக்கு 14.

28-ஐத் துரத்த வேண்டாம். நான்கு சிலிண்டர் வரிசை இன்ஜினில் இரண்டு பிஸ்டன் ஏறும்போது இரண்டு இறங்கும். ஆனால் ஏறுபவையும் இறங்குபவையும் ஒரே வேகத்தில் போவதில்லை. கனெக்டிங் ராடு சாய்வதால் உச்சிக்கு அருகே பிஸ்டன் வேகமாகத் திரும்பும், அடியில் மெதுவாகத் திரும்பும். அந்த வித்தியாசம் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை மேலும் கீழுமாகத் தள்ளும். இது அந்த அமைப்பின் பிறவிக் குணம். இங்கிலாந்தின் ஃபிரெடரிக் லாஞ்செஸ்டர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதற்கு இரட்டை வேகத்தில் எதிரெதிராகச் சுழலும் இரண்டு தண்டுகள் என்ற மருந்தைக் கண்டார். 1970-களில் மிட்சுபிஷி அதை மேம்படுத்தியது, போர்ஷே 944-இல் அந்த மிட்சுபிஷி உரிமையை வாங்கித்தான் பயன்படுத்தினார்கள். உங்கள் பி6-இல் அந்தத் தண்டுகள் இல்லை. ஆகவே 28 இருக்கத்தான் செய்யும், மவுண்டிங்தான் அதை உள்ளே வராமல் தடுக்க வேண்டும். நீங்கள் போட்டிருக்கும் கடின மவுண்டிங் அந்த வேலையை ரப்பரைவிடக் குறைவாகத்தான் செய்யும்.

கைப்பேசியில் அதிர்வு அளக்கும் செயலி ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். கைப்பேசியை இருக்கையின் அடிச்சட்டத்தில் டேப் போட்டு இறுக்கமாக ஒட்டுங்கள். மெத்தையில் வைத்தால் பயனில்லை. எச்சரிக்கை ஒன்று: செயலி வினாடிக்கு எத்தனை முறை அளவெடுக்கிறது என்று பாருங்கள். 100 முறை என்றால் 50 ஹெர்ட்ஸுக்கு (வினாடிக்கு 50 அதிர்வு) மேல் காட்டும் எதையும் நம்ப வேண்டாம், மேலே இருக்கும் அதிர்வு கீழே போலி முகத்தோடு வந்து நிற்கும். 200 அல்லது அதற்கு மேல் அளவெடுக்கும் கைப்பேசி கிடைத்தால் நல்லது.

ஈப்போ_பட்டறை

ஐயா சொன்னதோடு நானும் சேர்க்கிறேன். அந்த 90 கிலோமீட்டர் விஷயம் தனி. ஐந்தாவது கியரில் அந்த வேகத்தில் இன்ஜின் சுமார் 2900 சுற்றில் ஓடும். ஆகவே அது இன்ஜினின் நடுக்கமா, டயர், புரொப்பெல்லர் தண்டு, டிஃபரன்ஷியலின் நடுக்கமா என்று அந்த ஒரு வேகத்தைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது.

நான்காவது கியருக்கு மாற்றுங்கள். அதில் விகிதம் ஒன்றுக்கு ஒன்று, ஐந்தாவதில் 0.814. கடைசி அச்சு விகிதம் 4.3, 14 அங்குல டயர் என்று வைத்துக்கொண்டால், 3000 சுற்றில் நான்காவது கியரில் சுமார் 76-இல் போவீர்கள். ஐந்தாவதில் சுமார் 93. நடுக்கம் 76-இலும் அதே 3000-இல் வந்தால் இன்ஜினோடு சேர்ந்தது. 3000-இல் ஒன்றுமில்லை, 90-ஐத் தொடும்போதுதான் வருகிறது என்றால் சக்கரத்தோடு சேர்ந்தது. பழைய சாலையில் 76-ஐ ஓட்டிப் பார்க்கலாம். 93 வேண்டுமானால் நெடுஞ்சாலைக்குப் போங்கள்.

அடுத்து வண்டியை நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, நியூட்ரலில் 3000-க்கு ஏற்றிப் பாருங்கள். நடுக்கம் இருந்தால் கிளட்ச்சை மிதியுங்கள். மிதித்ததும் மறைந்தால் கிளட்ச் தட்டு அல்லது கியர்பாக்ஸ். மிதித்தும் மறையவில்லை என்றால் கிளட்ச்சைக் கழித்துவிட வேண்டாம். ஃபிளைவீலும் கிளட்ச் கவரும் மிதித்தாலும் இன்ஜினோடுதான் சுழலும்.

இந்த வண்டியில் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். கியர்பாக்ஸுக்குத் தனி மவுண்டிங் கிடையாது. கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் ஒரு நீண்ட அலுமினியச் சட்டம் இணைக்கிறது. முன்னால் இரண்டு இன்ஜின் மவுண்டிங், பின்னால் டிஃபரன்ஷியலின் மவுண்டிங், அவ்வளவுதான். எப்போதாவது கியர்பாக்ஸ் இறக்கி ஏற்றி, அந்தச் சட்டத்தைச் சரியான உயரத்தில் பொருத்தாவிட்டால் நடுக்கம் வரும். ஆனால் அது ஓடும்போது வரும், நின்ற இடத்தில் வராது.

சிப்புட்_ரோட்ஸ்டர்

மிகவும் நன்றி, ஐயா, அண்ணா. என் கைப்பேசி வினாடிக்கு 200 முறை அளக்கிறது. செயலியின் வரைபடத்தில், ஐட்லிங்கில் 7-இல் ஒரு பெரிய முகடு, 28-இல் இன்னொன்று, 14-இல் சிறியது. நியூட்ரலில் 3000 வைத்தால் 50-இல் ஒரு கூர்மையான முகடு. நான்காவது கியரில் 3000-இலும் அதே நடுக்கம், 76-இல். கிளட்ச் மிதித்தால் மாற்றமில்லை.

அப்படியென்றால் இரண்டு வேறு நோயா?

ஆலை_ஃபிட்டர்

ஆம், இரண்டு. 7 என்றால் ஒரு சிலிண்டர் சரியாக வேலை செய்யவில்லை. 3000 சுற்று என்பது வினாடிக்கு 50, அதே 50-இல் முகடு வருகிறது என்றால் கிராங்கோடு ஒரு சுற்றுக்கு ஒருமுறை ஏதோ இழுக்கிறது. ஐட்லிங்கில் தெரியும் அந்தச் சிறிய 14-உம் அதே ஆள்தான், மெதுவாகச் சுழலும்போது அவனுக்குப் பலமில்லை. சமநிலையின்மையின் விசை சுற்றின் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 100-க்கு மேல் குறைவதாகச் சொன்னீர்கள். அது வண்டிச் சட்டமும் மவுண்டிங்கும் 50-ஐ ஒட்டி ஒத்து அதிர்வதால். நோய் அங்கே நின்றுவிடுகிறது என்று நினைக்க வேண்டாம்.

முதலில் 7-ஐப் பிடியுங்கள். அது செலவு குறைந்தது.

தைப்பிங்_ஓட்டுநர்

நானும் 1991 வண்டி வைத்திருக்கிறேன். தம்பி, ஐட்லிங்கில் இன்ஜெக்டர் இணைப்பை ஒன்றொன்றாகக் கழற்றிப் பாருங்கள். ப்ளக் வயரை உருவ வேண்டாம், மின்பொறி போக இடமில்லாமல் காயிலுக்கு (மின்பொறியை உண்டாக்கும் சுருள்) கேடு. இன்ஜெக்டரைக் கழற்றினால் அந்தச் சிலிண்டருக்குப் பெட்ரோல் மட்டும் நிற்கும், பாதுகாப்பு. கழற்றியதும் சுற்று சட்டென்று குறைய வேண்டும். கம்ப்யூட்டர் உடனே காற்றைக் கூட்டி ஈடுகட்டப் பார்க்கும், ஆகவே முதல் ஓரிரு வினாடியைத்தான் கவனிக்க வேண்டும். எதைக் கழற்றியும் குறையவில்லையோ அதுதான் சோம்பேறிச் சிலிண்டர்.

கை வைக்கும்போது ரேடியேட்டர் விசிறியை நினைவில் வையுங்கள். அது மின்விசிறி, எதிர்பாராத நேரத்தில் சுழலும்.

சிப்புட்_ரோட்ஸ்டர்

அக்கா, 1, 2, 3 மூன்றும் குறைந்தன. 4-ஐக் கழற்றினால் பெரிதாக ஒன்றும் இல்லை. அண்ணா, ஓவர்ஹால் என்ற பேச்சு வந்துவிட்டதால் கம்ப்ரஷனும் பார்த்தேன். நான்கு ப்ளக்கும் வெளியே, ஆக்சிலேட்டர் முழுவதும் மிதித்து: 172, 170, 175, 168 பி.எஸ்.ஐ.

ஈப்போ_பட்டறை

அப்படியென்றால் ஓவர்ஹால் பேச்சுக்கே இடமில்லை. நான்கும் ஒன்றுக்கொன்று இவ்வளவு நெருக்கமாக இருக்கும் இன்ஜினை இறக்கச் சொல்வது தவறு. இதை நான் திட்டவட்டமாகச் சொல்கிறேன்.

இந்த இன்ஜினில் இரண்டு காயில். ஒன்று 1-க்கும் 4-க்கும், மற்றது 2-க்கும் 3-க்கும். ஒரு காயிலின் மின்சாரம் இரண்டு ப்ளக் வழியாகவும் சுற்றிவரும். காயில் கெட்டால் 1-உம் 4-உம் சேர்ந்து தடுமாற வேண்டும். 4-இன் வயர் உள்ளே முழுதாக அறுந்திருந்தாலும் பெரும்பாலும் 1-ஐயும் பாதிக்கும். உங்களுக்கு 1 நன்றாக இருக்கிறது. ஆகவே 4-இன் வயரிலோ அதன் ரப்பர் தொப்பியிலோ மின்பொறி ப்ளக்கின் நுனிக்குப் போகாமல் வழியிலேயே இன்ஜின் தலைக்கு ஒழுகுகிறது என்றுதான் முதலில் சந்தேகிப்பேன். 4-ஆவது ப்ளக் குழியில் எண்ணெய் நிற்கிறதா என்று பாருங்கள். வால்வு மூடியின் ரப்பர் கடினமானால் குழிக்குள் எண்ணெய் இறங்கும், எண்ணெயில் ஊறிய தொப்பி வெடிக்கும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, பானட்டைத் திறந்து, வயரின் மேல் தண்ணீரைப் பனிபோலத் தெளித்துப் பாருங்கள். நீல ஒளி துள்ளினால் கண்ணாலேயே தெரியும்.

அதுவும் இல்லை என்றால் 4-ஆவது இன்ஜெக்டர். பிறகு ஏர் ஃபுளோ மீட்டருக்கும் த்ராட்டிலுக்கும் இடையே உள்ள குழாயில் விரிசல். 1.6-இல் இருப்பது பழைய மடிப்புக்கதவு வகை மீட்டர், அதைத் தாண்டி நுழையும் காற்று கணக்கில் வராது. ஆனால் அது நான்கு சிலிண்டரிலும் பெட்ரோல் கலவையை மெலிவாக்கும். ஒன்றை மட்டும் பாதிக்காது.

சிப்புட்_ரோட்ஸ்டர்

அண்ணா, குழியில் எண்ணெய் நின்றது. இரவில் 4-இன் தொப்பியிலிருந்து பொறி தெறிப்பதைக் கண்ணால் பார்த்தேன். வால்வு மூடி ரப்பரையும் நான்கு வயரையும் மாற்றினேன், குழியைத் துடைத்தேன். ஐட்லிங்கில் 7-இன் முகடு இப்போது தரையோடு தரை. 28 அப்படியே இருக்கிறது, 3000-இல் 50-உம் அப்படியே.

தைப்பிங்_ஓட்டுநர்

மகிழ்ச்சி. இப்போது 50-க்கு வருவோம். டைமிங் பெல்ட் மாற்றியது இந்த ஆண்டின் தொடக்கம் என்றீர்கள். நடுக்கம் அதற்கு முன்பா, பின்பா?

சிப்புட்_ரோட்ஸ்டர்

பின்பு, அக்கா. ஒரு மாதத்துக்குள் தொடங்கி மெல்ல மெல்லக் கூடியது. மலையேற்றத்தில் இழுப்பும் முன்புபோல் இல்லை.

தைப்பிங்_ஓட்டுநர்

அப்படியானால் கிராங்க் புல்லியைப் (கிராங்கின் முன்நுனியில் பெல்ட்டை ஓட்டும் சக்கரம்) பாருங்கள். முன்பக்கம் குனிந்து புல்லியின் முகத்தில் எத்தனை வெட்டு இருக்கிறது என்று எண்ணுங்கள். நான்கா, எட்டா?

சிப்புட்_ரோட்ஸ்டர்

நான்கு.

தைப்பிங்_ஓட்டுநர்

நான்கு வெட்டு என்றால் குட்டை மூக்குக் கிராங்க். 1.6 இன்ஜினின் தொடக்க காலத்தில் கிராங்கின் முன்நுனி குட்டையாக இருந்தது, 1991-இல் மாஸ்டா அதை நீட்டிப் பலப்படுத்தியது. எட்டு வெட்டு இருந்தால் அந்தப் புதியது. குட்டை மூக்கில் புல்லி போல்ட் சரியான இறுக்கம் இல்லாமல் போனால், டைமிங் பெல்ட் பற்சக்கரம் சாவியின் (அதைக் கிராங்கோடு பூட்டும் சிறிய உலோகத் துண்டு) மேல் ஆடத் தொடங்கும். ஆட ஆடச் சாவி தேயும், கிராங்கில் உள்ள சாவிக்குழி அகலும். புல்லி வட்டமிட்டுத் தள்ளாடும். டைமிங் நகரும், இழுப்பு குறையும். ரோட்ஸ்டர் வைத்திருக்கும் எவரும் பெல்ட் மாற்றியபின் அஞ்ச வேண்டியது இதற்குத்தான்.

கைப்பேசியின் மெதுவோட்டப் படப்பதிவில் புல்லியைப் பிடியுங்கள். தள்ளாட்டம் தெளிவாகத் தெரியும்.

ஆலை_ஃபிட்டர்

அக்காவின் திசை சரி என்று நினைக்கிறேன். ஆனால் போல்ட்டைக் கழற்றுவதற்கு முன் இரண்டு சோதனை. ஒன்று, வெளியே உள்ள இரண்டு பெல்ட்டையும் (டைமிங் பெல்ட்டை அல்ல) கழற்றிவிட்டு ஒரு நிமிடத்துக்கும் குறைவாக இன்ஜினை ஓட்டுங்கள். ஆல்டர்னேட்டர் பெல்ட்தான் தண்ணீர்ப் பம்பையும் ஓட்டுகிறது, நீண்ட நேரம் ஓட்டக் கூடாது. நடுக்கம் மறைந்தால் ஆல்டர்னேட்டர், பம்பு, ஸ்டீயரிங் பம்பு, ஏசி கம்ப்ரசர் என்று தேட வேண்டும்.

இரண்டு, 1-ஆவது ப்ளக்கைக் கழற்றி, ஒரு நீண்ட பிளாஸ்டிக் குச்சியை விட்டு, கிராங்கைக் கையால் சுற்றி, பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அப்போது புல்லியின் குறி பூஜ்யத்தில் நிற்க வேண்டும். விலகினால் புல்லி கிராங்கின் மேல் நகர்ந்திருக்கிறது. இரும்புக் குச்சி வேண்டாம், பிஸ்டனில் கீறல் விழும்.

சிப்புட்_ரோட்ஸ்டர்

பெல்ட் இல்லாமலும் நடுக்கம் அப்படியே. மெதுவோட்டப் படத்தில் புல்லி தள்ளாடுகிறது. பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது குறி பூஜ்யத்தைத் தாண்டி நிற்கிறது. அண்ணா, வண்டியை உங்களிடம் கொண்டுவரலாமா?

ஈப்போ_பட்டறை

கொண்டு வாருங்கள். இழுவை லாரியில் கொண்டு வாருங்கள், ஓட்டி வர வேண்டாம்.

கூலிம்_1992

நான் இன்ஜினை மாற்றச் சொன்னதை விட்டுவிடுங்கள். இந்த இழையைப் படித்த பிறகு அது சரியான யோசனையாகத் தெரியவில்லை.

ஈப்போ_பட்டறை

சிப்புட் தம்பியின் அனுமதியோடு எழுதுகிறேன். போல்ட் கையால் திருப்பும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. சாவியின் ஒரு பக்கம் படி விழுந்து தேய்ந்திருந்தது. கிராங்கின் சாவிக்குழி ஒரு பக்கம் சற்று அகன்றிருந்தது, ஆனால் மூக்கின் வட்டம் கெடவில்லை, விரிசல் இல்லை.

இங்கே ஒரு முடிவு எடுக்க வேண்டும். மூக்கு முழுதாகச் சிதைந்திருந்தால் கிராங்க் மாற்றம் தவிர வழியில்லை. குழி சற்றே அகன்றதற்கு, புதுச் சாவி, புதுப் பற்சக்கரம், புதுப் போல்ட் போட்டு, இடைவெளியை நிரப்ப லாக்டைட் 660 என்ற உலோகப் பசையைப் பயன்படுத்தலாம். தேய்ந்த தண்டையும் வளையத்தையும் பிணைக்கவே வந்த பசை அது. உலகெங்கும் இந்த வண்டிக்காரர்கள் கையாளும் முறைதான். எண்ணெய்ப் பசை துளிகூட இல்லாமல் துடைத்து, சாவியைத் திருப்பு விசை ஏறும் பக்கத்துக்கு ஒட்டி வைத்து, கையேட்டில் உள்ள அளவுக்குப் போல்ட்டை முறுக்கி, ஒரு நாள் முழுவதும் தொடாமல் விட்டேன். இதில் அவசரம் காட்டினால் அதே நோய் திரும்பும்.

பிறகு பிஸ்டன் உச்சியையும் குறியையும் மறுபடி ஒப்பிட்டுப் பார்த்தேன், பூஜ்யத்தில் நின்றது. இன்ஜின் அறையில் உள்ள சோதனைப் பெட்டியில் டென், கிரவுண்ட் என்ற இரண்டு முனைகளையும் வயரால் இணைத்து, 850 சுற்றில் மின்பொறி நேரத்தைப் பிஸ்டன் உச்சிக்கு முன் 10 டிகிரியில் வைத்தேன்.

சிப்புட்_ரோட்ஸ்டர்

கோலகங்சார் வரை ஓட்டிவிட்டு வந்து எழுதுகிறேன். 3000-இல் 50-இன் முகடு முன்பு இருந்ததில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஏற்றத்தில் இழுப்பு திரும்பிவிட்டது. சிக்னலில் மெல்லிய நடுக்கம் மட்டும் இருக்கிறது, அளந்தால் 28.

ஆலை_ஃபிட்டர்

அது உங்கள் பாலியுரித்தேன் மவுண்டிங். அந்த வகை பந்தயத்துக்கு நல்லது, தினமும் ஓட்டுவதற்கு அல்ல. பழைய ரப்பர் வகையே வாங்கிப் போடுங்கள்.

சிப்புட்_ரோட்ஸ்டர்

ரப்பர் மவுண்டிங் சொல்லிவைத்துவிட்டேன், ஐயா.

ஈப்போ_பட்டறை

தம்பி, அடுத்த முறை எண்ணெய் மாற்ற வரும்போது புல்லியைப் படம் பிடித்துப் பார்ப்போம். போல்ட்டைத் தளர்த்தி இறுக்க வேண்டாம், பசை உடையும். தள்ளாட்டம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

தைப்பிங்_ஓட்டுநர்

1989 முதல் 1992 வரை வந்த 1.6 வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் புல்லியின் வெட்டை எண்ணி இங்கே எழுதுங்கள். ஆண்டு, வெட்டு எண்ணிக்கை, பெல்ட் கடைசியாக எப்போது மாற்றியது. என்னுடையது 1991, நான்கு வெட்டு, இரண்டு ஆண்டுக்கு முன் பெல்ட் மாற்றியது, தள்ளாட்டம் இல்லை.

கூலிம்_1992

1992, எட்டு வெட்டு, பெல்ட் இன்னும் மாற்றவில்லை. மாற்றும்போது பக்கத்தில் நிற்கப்போகிறேன்.